புளியங்கட்டையில் ரெண்டு கயிறு

முடிச்சுப் போட்ட கைக்கே, என்ன முடிச்சுப் போட்டோம் என்பது மறந்துபோகுமா, நீங்களே சொல்லுங்கள்? குழம்பில் உப்புப் போட்டோமா இல்லையா என்று மறக்கலாம், ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும். கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் சந்தேகம் வரலாம், கதவே இல்லாத கொட்டாயில் குடியிருப்பவளுக்கு அந்தக் கவலையும் கிடையாது. மாதேஸ்வரிக்கு முடிச்சு அப்படிப்பட்ட சங்கதி இல்லை. ஏழு வயதில் கிழிந்த வலையைப் பொத்தக் கற்றுக்கொண்ட கை. பேசிக்கொண்டே போடும், சிரித்துக்கொண்டே போடும், பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே போடும். பச்சையப்பன் அவள் கழுத்தில் போட்ட முடிச்சுகள்கூட அவளுக்கு ஞாபகம் இருக்கின்றன, மூன்றாவதைப் போட வந்த நாத்தனார் மாலையை இழுத்துவிட்டு ஒரு சாமந்தி கீழே விழுந்ததுவரை. ஆனால் இன்றைக்குக் காலையில், இதோ ஒரு அரைமணி நேரத்துக்கு முன்னால், அவளே போட்ட ஒரு முடிச்சு கண்ணுக்குள் வர மாட்டேன் என்கிறது. பார்க்காமலே போடுகிற கைக்கு இதுதான் வினை. கண் பார்த்திருந்தால் கண் சாட்சி சொல்லும். கைக்கு யார் சாட்சி? அவள் வலது கையை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் நுனியில் நைலான் கயிறு அறுத்த பழைய வடு, உள்ளங்கையில் துடுப்புக் காய்ப்பு, வேறு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பரிசல் மூக்குப்பாறையைத் தாண்டிவிட்டது. அந்தப் பாறையைத் தாண்டினால் கொட்டாய்கள் ஐந்தும் தெரியாது, புகை தெரியாது, கரையில் கட்டிவிட்டு வந்த மிதுனா தெரியமாட்டாள்.

ஆமாம், கட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். இந்த அணைக்கரையில் பரிசல் போடுகிற குடும்பங்களில் எல்லோரும் அப்படித்தான். ஒருத்தர் துடுப்புப் போட வேண்டும், ஒருத்தர் வலை எடுக்க வேண்டும், ஒற்றை ஆளாகப் போனால் பரிசல் பம்பரமாகச் சுற்றும். பிள்ளை தவழுகிறவரை பரிசலுக்குள்ளேயே துணியில் சுருட்டிப் போட்டுக்கொண்டு போகலாம். தீபாவளிக்கு மிதுனா நடக்க ஆரம்பித்தாள், மறுநாளே பரிசல் விளிம்பைப் பிடித்து ஏறி தண்ணீரைத் தொடக் குனிந்தாள், அன்றைக்கே பச்சையப்பன் போய் நீல நைலான் கயிறு வாங்கி வந்தான். பழைய வாயில் புடவையைக் கிழித்து இடுப்பில் மெத்தென்று ஒரு பட்டை, பட்டையின் முதுகுப் பக்கத்தில் கயிற்றின் ஒரு முனை, மறுமுனை கரையில் ஏதாவது ஒரு மரக்கட்டையில். கயிறு எட்டுக் காலடி. தண்ணீர் இருபது காலடி. மாதேஸ்வரி தினமும் நடந்து அளந்து பார்த்துவிட்டுத்தான் கட்டுவாள். அளந்தது சரி. அளந்தது ஞாபகம் இருக்கிறது, இருபத்திரண்டு வந்தது, தண்ணீர் ராத்திரிக்குள் ரெண்டடி இறங்கிவிட்டதே என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம்? அதற்கப்புறம்தான் புளியங்கட்டை. நேற்றுவரை பரிசலைக் கட்டியது வேறு கட்டை. தண்ணீர் இறங்கிப்போனதால் அது மேட்டில் தனியாக நின்றுவிட்டது என்று பச்சையப்பன் நேற்று சாயந்திரம் பரிசலைக் கொண்டுவந்து மிதுனாவைக் கட்டுகிற புளியங்கட்டையிலேயே கட்டிவிட்டான். பரிசலுக்கு நீளமான கயிறு. ஒரே கட்டையில் ரெண்டு கயிறு. ரெண்டும் ஒரே நீலம், ஒரே கயிற்றிலிருந்துதானே ரெண்டையும் அறுத்தது. பரிசலுக்குப் போடுவது இழுப்பு முடிச்சு: கயிற்றை மடக்கி உள்ளே ஒரு காது மாதிரிச் செருகிவிட்டால் வால் ஒன்று தொங்கும், அவசரத்துக்கு அந்த வாலை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், முடிச்சு இருந்த இடம் தெரியாது. பிள்ளைக்குப் போடுவது வலைக்கண் முடிச்சு. அதற்கு வால் கிடையாது, இழுக்க இழுக்க இறுகும், அவிழ்க்க நகம் வேண்டும், சில நாள் பல்லும் வேண்டும். பரிசல் கயிற்றுக்குப் பக்கத்தில் குனிந்தபோது கை எதைப் போட்டது? "மாதேசு, காத்து ஏறிடும், வா வா" என்று அவன் கத்திக்கொண்டிருந்தான். மிதுனா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து "ங்கா, ங்கா" என்றாள். கட்டைவிரலால் கயிற்றை மடக்கியது ஞாபகம் இருக்கிறது. மடக்கி உள்ளே செருகியது. அது இன்றைக்கா? முந்தாநாள் சாயந்திரம் பரிசலைக் கட்டியது அவள்தான், அன்றைக்கும் மடக்கிச் செருகியிருப்பாள். அப்படியானால் அந்த ஞாபகம் முந்தாநாளுடையது. ஆனால் அந்த ஞாபகத்தில் மிதுனாவின் எச்சில் வாசனை இருக்கிறதே, முந்தானையில் ஒரு இழுப்பு இருக்கிறதே.

"என்ன புள்ள, வாயே தொறக்கல. பேட்டரி எறங்கிடுச்சா?" பச்சையப்பன் துடுப்பை இடது பக்கம் போட்டுக்கொண்டே கேட்டான். மாதேஸ்வரி வாய் மூடியிருந்தால் யாருக்கும் தாங்காது. கொட்டாய்க்காரர்கள் அவளை ரேடியோ என்பார்கள். எட்டாவது படித்தபோது கணக்கு வாத்தியாரே இந்தப் பிள்ளை பேசாமல் இருந்தால் எழுந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள், காய்ச்சலாக இருக்கும் என்று சொல்வார். "பேட்டரி எல்லாம் நல்லாத்தான் இருக்குது. நீங்க மொதல்ல நேரா ஓட்டுங்க, கோயிலைச் சுத்தற மாதிரி சுத்திக்கிட்டு" என்றாள். குரல் சரியாகத்தான் வந்தது. சிரிப்புகூட வந்தது. உள்ளே என்ன ஓடினாலும் வெளியே சிரிப்பு தானாக வந்துவிடுகிறது, அதுவும் கை போடுகிற முடிச்சு மாதிரிதான் போலிருக்கிறது. இப்போதே சொல்லிவிடலாம். ஏங்க, திருப்புங்க, பாப்பா முடிச்சு சரியாப் போட்டேனான்னு தெரியல. அவ்வளவுதான், பத்து வார்த்தைகூட வராது. சொன்னால் திருப்புவான். திருப்பிப் போய்ப் பார்த்தால் வலைக்கண் முடிச்சு கல் மாதிரி இறுகிக் கிடக்கும். போன மாதமும் அதுதானே நடந்தது. அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தண்ணீரில் நெஞ்சு அடித்துக்கொள்ள, திருப்பச் சொல்லி, போய்ப் பார்த்தால் அடுப்பில் சாம்பல்கூட ஆறிப்போயிருந்தது. அதற்கு முந்தின மாதம் தண்ணீர்க் குடத்தின் மூடி. ரெண்டு தடவைதான். ஆனால் கெம்பாயி அக்கா அதற்குள் பேர் வைத்துவிட்டாள், பாதிவழி என்று. "ஏ பாதிவழி, இன்னைக்கு முழுசாப் போயிட்டு வந்தியாடி?" ஐந்து கொட்டாயும் சிரித்தது, மாதேஸ்வரியும் சேர்ந்துதான் சிரித்தாள், அவளே அந்தப் பேரை நாலு பேருக்குச் சொன்னாள். சிரித்ததால் வலிக்கவில்லை என்று அர்த்தமா? கால் வீங்கிக் கொட்டாயிலேயே கிடக்கிற அந்தக் கெம்பாயி அக்காதான் தினமும் பிள்ளைமேல் ஒரு கண் வைத்திருப்பாள். நேற்று மத்தியானம் மகளுக்குப் பிரசவம் என்று வண்டி ஏறிப் போய்விட்டாள். இன்றைக்குக் கரையில் பிள்ளை மட்டும்தான். மற்ற நாலு பரிசலும் இவர்களுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டன. இவர்களுக்கு வலை ரெண்டு ராத்திரியாகத் தண்ணீரில் கிடக்கிறது. நேற்றெல்லாம் காற்று, பரிசல் போட முடியவில்லை. இன்றைக்கும் எடுக்காமல் விட்டால் மாட்டினதெல்லாம் அழுகி வலையே நாறிவிடும். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு சந்தேகத்துக்காகத் திருப்பச் சொல்வதா? எல்லாம் கணக்காகத்தான் இருக்கிறது. கணக்குக்கு அடியில் மட்டும் அந்த நீல வால் ஆடிக்கொண்டே இருக்கிறது.

மாசி முடியப் போகிற வெயில். மேலே தண்ணீர் இளஞ்சூடு, முழங்கை வரை கையை விட்டால் உள்ளே இன்னும் மார்கழி. வலை போட்டிருந்த நரிமடுவுக்கு வந்து சேர்ந்ததும் மிதப்புக்குப் போட்ட எண்ணெய்க் கேன் தெரிந்தது. மாதேஸ்வரி மண்டியிட்டு அதைப் பிடித்து, தங்கூசி நரம்பு வலையின் தலைக்கயிற்றை இழுக்க ஆரம்பித்தாள். இந்தச் சமயத்தில்தான் ஆழத்தில் கிடந்த ஜிலேபி மீன் எல்லாம் சூடு தேடிக் கரையோர மேட்டுத்தண்ணிக்கு ஏறி வரும். ஆண்மீன் வாயால் சேற்றை அள்ளி அள்ளித் துப்பித் தாம்பாளம் அளவுக்கு வட்டக்குழி பறிக்கும், பெட்டை வந்து முட்டை போடுவதற்கு. தண்ணீர் இறங்கினால் அந்தக் குழிகள் கரையில் வெயில் காய்ந்து வரிசையாகத் தெரியும். மிதுனாவுக்கு அந்தக் குழிகள் என்றால் கொள்ளை ஆசை, ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருப்பாள், அளவு எடுத்த மாதிரி இருக்கும் பின்பக்கத்துக்கு. புளியங்கட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு குழி இருக்கிறது. நல்லது, அதில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிற குழிகள்தான் இன்னும் ஈரம், இன்னும் புதுசு. வலை வந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு ஜிலேபி, அப்புறம் ரெண்டு, ஒரு அரஞ்சான், செத்து வெளுத்த ஒரு கெண்டை. செவுளில் மாட்டிய கண்ணியை விரலால் தள்ளி மீனைக் கழற்றி அடியில் போடுவது, மறுபடி இழுப்பது. கை வேலை செய்தது. கை எப்போதும் வேலை செய்யும், அதுதான் பயமே. அம்மா சொல்லுவாள், "உன்னையுந்தான் கட்டிப் போட்டோம், செத்தா போயிட்ட? கல்லுக்குண்டாட்டம் இருக்கிறியே." ஆமாம், அவளையும் இதே அணையில், எதிர்க்கரையில் கட்டித்தான் போட்டார்கள். யாராவது கேட்டால் எல்லோரையும் சிரிக்கவைத்துச் சொல்வாள், கன்றுக்குட்டியும் நானும் ஒரே கயிறு என்று. யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. அந்தக் கயிற்றின் ருசி அவளுக்குத் தெரியும். தேங்காய்நார்க் கயிறு, உப்பும் மண்ணுமாக. அம்மா வரும்வரை அதைத்தான் கடித்துக்கொண்டிருப்பாள். மூன்று வயதோ என்னவோ, ஆனாலும் வாய்க்கு ஞாபகம் இருக்கிறது. பளபளவென்று தண்ணீர், அதற்கு நடுவில் ஒரு புள்ளி, புள்ளியிலிருந்து "கூ" என்று ஒரு குரல், உடனே உடம்பு முழுக்க ஒரு துள்ளல், கயிற்றை இழுத்துக்கொண்டு கயிறு முடிகிற இடம்வரை ஓடுவது. கயிறு மட்டும் இல்லாவிட்டால் தண்ணீர்மேலேயே ஓடி அந்தக் குரலிடம் போய்விடலாம் என்றுதான் அப்போது நினைத்திருந்தாள். தண்ணீர் வேறு தரை வேறு என்று அந்த வயதுக்கு யார் சொன்னார்கள்? மிதுனாவுக்கு ஒன்றரை வயது. அவளுக்கு யார் சொன்னார்கள்?

"பாத்து, பாத்து, அதைக் கெழிச்சிடாத" என்றான் பச்சையப்பன். அவள் ஒரு கண்ணியைத் தேவைக்கு மேல் இழுத்திருந்தாள். கையில் ஒரு பெட்டை ஜிலேபி. ஒரு சாண் இருக்கும். உடம்பெல்லாம் வலை சுற்றி, செதில் உரிந்து, ஒரு பக்கக் கண் மங்கிவிட்டது. ஆனால் உயிர் இருந்தது, வாயை மட்டும் பூட்டுப் போட்டமாதிரி மூடிக்கொண்டிருந்தது. தொண்டைக்குக் கீழே பை மாதிரி உப்பியிருந்தது. "குஞ்சு வெச்சிருக்குது" என்று பச்சையப்பன் எட்டிப் பார்த்தான். முட்டை போட்ட கையோடு அதை வாய்க்குள் அள்ளிக்கொண்டு, பொரிந்த பின்னாலும் குஞ்சுகளை வாயிலேயே வைத்துக்கொண்டு திரியும் ஜாதி இது. அத்தனை நாளும் தீனி எடுக்காது. "ரெண்டு நாளா வலையில கெடந்து துடிச்சிருக்கும், அப்பவும் வாயைத் தொறக்கல பாரு, என்னா நெஞ்சழுத்தம்" என்றான். மாதேஸ்வரி கண்ணியைக் கடைசியாகத் தள்ளியபோது மீனின் தாடை அவள் விரலில் பட்டது, உடனே அது வாயைத் திறந்தது. பரிசல் அடியில் தேங்கியிருந்த தண்ணீரில் மிளகளவு கண்ணும் அதைவிடச் சின்ன வாலுமாக முப்பது நாற்பது குஞ்சுகள் கொட்டின. கொட்டிய உடனே ஒன்றும் சிதறவில்லை. எல்லாம் கூட்டமாகத் தாயின் வாயைத் தேடித் திரும்பி வந்தன. மீன் அதற்குள் அசையாமல் கிடந்தது. குஞ்சுகள் அந்த வாயை வந்து வந்து முட்டின. மாதேஸ்வரி தூக்குச்சட்டி மூடியை எடுத்து அவற்றை அள்ளினாள், விளிம்புக்கு வெளியே சாய்த்தாள். "தாய் இல்லாம அது என்னா ஆவும்? விரால் வந்து ஒரே வாயில முழுங்கிட்டுப் போவும். விடு புள்ள" என்றான் அவன், கெட்ட எண்ணத்தில் இல்லை, உள்ளதைச் சொன்னான். குஞ்சுகள் தண்ணீருக்குள் போகாமல் பரிசலின் நிழலிலேயே, எங்கே அந்த வாய் என்று தேடுகிற மாதிரி, விளிம்போடு ஒட்டிச் சுற்றிக்கொண்டிருந்தன. இதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"ஏங்க." "ம்." "பாப்பாவுக்கு நான் இழுப்பு முடிச்சுப் போட்டுட்டேன்னு நெனைக்கிறேன்." துடுப்பு பாதியில் நின்றது. அவன் சிரிக்கப் போகிறான் என்று அவள் காத்திருந்தாள், பாதிவழி என்று சொல்லப் போகிறான் என்று. சொன்னால் நல்லது, சொன்னால் இது அடுப்பு மாதிரி, மூடி மாதிரி ஆகிவிடும். "நெனைக்கிறியா, தெரியுமா?" "தெரியல. கை மடக்கிச் செருகின மாதிரி இருக்குது. நீங்க பாத்தீங்களா? பக்கத்துலதானே நின்னீங்க." பச்சையப்பன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் பாக்கல" என்றான். துடுப்பில் வழிந்த தண்ணீரை விரலால் வழித்துக்கொண்டே, "நான் என்னைக்குப் பாத்திருக்கிறேன்" என்றான். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் அவள் பிள்ளையைக் கட்டுகிற அந்த நேரத்தில் அவனுக்குப் பரிசலில் ஏதாவது வேலை இருக்கும். துடுப்பைத் துடைப்பான், தண்ணீர் இறைப்பான், ஒன்றும் இல்லாவிட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு சீக்கிரம் வா வா என்று கத்துவான். சோம்பேறி, ஒரு முடிச்சுப் போட உடம்பு வணங்காது என்று அதை வைத்தும் ஊரெல்லாம் சிரிக்கவைத்திருக்கிறாள். வலை இன்னும் பாதிக்கு மேல் தண்ணீரில் இருந்தது. அவன் எட்டி அவள் கையிலிருந்த தலைக்கயிற்றை வாங்கி எண்ணெய்க் கேனில் நாலு சுற்றுச் சுற்றி அப்படியே தண்ணீரில் போட்டான். பரிசலைத் திருப்பினான். அதற்கப்புறம் துடுப்பு மட்டும் இடது வலது இடது வலது என்று பேசியது. மாதேஸ்வரியும் தூக்குச்சட்டி மூடியை வைத்துத் தன் பக்கத்துத் தண்ணீரைத் தள்ளினாள், அதனால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தே. போகிற வழி ஏன் இவ்வளவு நீளம்? வருகிறபோது இவ்வளவு தண்ணீர் இல்லையே. அந்தக் கயிற்று வாலை மிதுனா இழுப்பாளா? இழுப்பாள், எதைக் கண்டாலும் இழுக்கிற வயது, அவன் மீசையைப் பிடித்தே இழுக்கிறவள். இழுத்தால் கழன்றது தெரியுமா? தெரியாது, எட்டு அடிக்குப் பிறகு ஒன்பதாவது அடி வைக்கிறபோதுதான் தெரியும், அதுவும் சந்தோஷமாகத் தெரியும். இருபத்திரண்டு அடி. ஒன்றரை வயதுக் காலுக்கு இருபத்திரண்டு அடி எத்தனை அடி? மாதேஸ்வரி மனதுக்குள் நடந்தாள், குட்டிக் குட்டி அடியாக, ஒரு குழியில் உட்கார்ந்து, எழுந்து, அடுத்த குழியில் உட்கார்ந்து, ஈரக் குழி, இன்னும் ஈரக் குழி. நாற்பது வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். நாற்பதுக்கு மேல் அவள் எண்ணவே இல்லை.

மூக்குப்பாறை திரும்பியதும் கரை தெரிந்தது. கொட்டாய்கள், காயப்போட்ட வலை, மேட்டில் தனியாக நிற்கிற பழைய கட்டை. கொஞ்சம் கீழே புளியங்கட்டை. அதன் அடியில் மஞ்சள் கவுன். இருக்கிறாள். மாதேஸ்வரியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் ஏறி வந்தது, தினமும் இந்த இடத்தில் வருகிற சத்தம்தான். பாறை திரும்பியதும் பச்சையப்பன் பரிசல் விளிம்பில் துடுப்பால் டம் டம் என்று ரெண்டு அடி அடிப்பான், அவள் "கூ" என்பாள், மிதுனா எங்கே இருந்தாலும் எழுந்து, கயிறு இழுபடுகிறவரை ஓடிவந்து, கையை நீட்டிக்கொண்டு குதிப்பாள். ஐந்து மாதமாக ஒரு நாளும் தவறாத விளையாட்டு. பச்சையப்பனின் துடுப்பு பழக்கத்தில் தானாக உயர்ந்தது. அப்போது மாதேஸ்வரி அதைப் பார்த்தாள். பிள்ளை மீன்குழியில் உட்கார்ந்து கட்டையில் சாய்ந்திருந்தாள். வாயில் எதையோ வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். நீலமாக. வலைக்கண் முடிச்சுக்கு வால் கிடையாது. அவள் பாய்ந்து துடுப்பைப் பிடித்துக்கொண்டாள், பரிசல் ஒரு பக்கம் சாய்ந்து மீனெல்லாம் அவள் முழங்காலுக்கு வந்தது. "அடிக்காதீங்க" என்றாள், மூச்சால்தான் சொன்னாள், தண்ணீர்மேல் குரல் வழுக்கிக்கொண்டு போகும். "முடிச்சோட வாலு அவ வாயில இருக்குது. நம்மளப் பாத்தா எந்திரிச்சு ஓடி வருவா. கூப்பிட்டாலும் ஓடி வருவா." அவன் முகம் அவளுக்குத் தெரியாத ஒரு முகமாக இருந்தது. "ஓடவாய்ப் பக்கமா?" என்றான். "ம். கொட்டாய்க்குப் பின்னால எறங்கிடறேன். தலையக் குனிங்க." அவள் மீனின்மேல் அப்படியே படுத்துக்கொண்டாள். அவன் குந்தி உட்கார்ந்து, துடுப்பைத் தண்ணீருக்கு வெளியே எடுக்காமல் உள்ளேயே கத்தி மாதிரித் திருப்பித் திருப்பிப் போட்டான். கன்னத்தில் செதில், மூக்கில் சேறு. பிள்ளையிடம் வராதே என்று எந்தத் தாயாவது ஒளிந்திருப்பாளா? நான் இங்கே இல்லை கண்ணு, உன் அம்மா இன்னும் நரிமடுவில்தான் இருக்கிறாள், மீன் கழற்றிக்கொண்டிருக்கிறாள், நீ சப்பிக்கொண்டே இரு, அது நல்ல கயிறு, சப்பு, இழுக்காதே. அந்தக் கயிற்றின் ருசி அவள் வாயில் இருந்தது, உப்பும் மண்ணும்.

கொட்டாய்களுக்குப் பின்னால் ஓடை வந்து அணையில் சேருகிற ஓடைவாயில் சேறு முழங்கால் அளவு. இறங்கினாள், புடவையைச் சுருட்டிச் செருகினாள், ஒவ்வொரு காலையும் சத்தம் வராமல் உருவி எடுத்தாள். கொட்டாயின் நிழலில் நின்று பார்த்தபோது மிதுனாவின் பின்னங்கழுத்து தெரிந்தது, வியர்த்து முடி ஒட்டியிருந்தது. ஏதோ தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தாள், நீல வாலை வாயிலிருந்து எடுத்து, பார்த்து, மறுபடி வாயில் வைத்தாள். முப்பது காலடி. இருபது. எட்டு அடிக் கயிறு மண்ணில் தளர்ந்து கிடந்தது. மாதேஸ்வரி முதலில் பிள்ளையைப் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்த்தாள், அதன்மேல் வலது குதிகாலை வைத்து அழுத்தி நின்றாள். அப்போதுதான் மூச்சு விட்டாள், அந்த மூச்சு கேட்டு மிதுனா திரும்பினாள். "ங்கா!" முகம் முழுக்கச் சிரிப்பு. ஒரு கையில் வாலைப் பிடித்தபடியே எழுந்தாள், எழுந்த வேகத்தில் கை இழுத்தது, புளியங்கட்டையிலிருந்து கயிறு ஒரு சத்தமும் இல்லாமல் கழன்று அவள் காலடியில் விழுந்தது. அவ்வளவு சுலபமாக. நல்ல முடிச்சு, இழுப்பு முடிச்சுகளிலேயே நல்ல முடிச்சு, மாதேஸ்வரிக்கு வலை பொத்தக் கற்றுக்கொடுத்த அவள் அப்பாவே பார்த்திருந்தாலும் குறை சொல்ல முடியாத முடிச்சு. மாதேஸ்வரி பிள்ளையை அள்ளிக்கொண்டு அந்தக் குழியிலேயே உட்கார்ந்தாள். மிதுனா அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த செதிலை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நாளைக்கும் விடியும். கெம்பாயி அக்கா வர ஒரு வாரம் ஆகும். மீதி வலை நரிமடுவில் கிடக்கிறது, ஒரு ஆள் துடுப்பு, ஒரு ஆள் வலை. கயிற்றைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று தோன்றியது, எறிந்துவிட்டு? அவள் எறியவில்லை, எடுத்துச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

பச்சையப்பன் ஓடைவாயிலிருந்து பரிசலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். பக்கத்தில் வரவில்லை. தண்ணீர் ஓரமாகவே நின்று, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுத்தமாக இருந்த துடுப்பைத் துடைக்க ஆரம்பித்தான். "கட்டியிருந்துச்சா?" என்றான் திரும்பாமல். அவன் தோள் ரெண்டும் காதுவரை ஏறியிருந்தன. ஒரு சிரிப்பு அவளுக்குள் வரப் பார்த்தது, பழக்கம்தான், ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிடலாம், ரேடியோ மறுபடி பாட ஆரம்பித்துவிட்டது என்று அவனும் நிம்மதியாகிவிடுவான். அவள் சிரிக்கவில்லை. "இந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். அவன் திரும்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று. திரும்பியபோது அவள் மடியிலிருந்து நீலக் கயிற்றை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள். அதன் நுனி இன்னும் எச்சிலில் ஈரமாக இருந்தது.

"நாளைக்கு நீங்க கட்டுங்க. பரிசலை நான் தள்ளுறேன்."